170ஆம் எண் பேருந்து: குவீன் ஸ்திரீட்டிலிருந்து லார்க்கின் வரை

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாரு போக வழிக்குப் பஞ்சமில்லை. கிராஞ்சியிலிருந்து 170எக்ஸ், உட்லண்ட்ஸிலிருந்து 950, ஜூரோங்கிலிருந்து 160, மஞ்சள் நிறத் தனியார் பேருந்துகள், குவீன் ஸ்திரீட்டில் ஆள் சேர்ந்ததும் கிளம்பும் டாக்சி, உட்லண்ட்ஸில் ஏறினால் ஐந்தே நிமிடத்தில் அக்கரையில் இறக்கிவிடும் ஷட்டில் ரயில். வேகம்தான் முக்கியம் என்றால் இவற்றில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பல வருடங்களாகப் போய்வருவதும், ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போவதும் 170-இல்தான்.

இதற்கு ஒரு காரணம் கட்டணம். ஊருக்குள் ஓடுகிற பேருந்துக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான், அதே கார்டைத் தட்டினால் போதும். இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரியது. ஒரு சின்ன ஊர் பெரிய நாட்டிலிருந்து பிரிந்து தனியாகத் தாக்குப்பிடிக்குமா என்று உலகத்தில் எங்கே பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர் சிங்கப்பூரை உதாரணம் காட்டிவிடுகிறார். வானுயரக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்வது சுலபம். அந்தத் தனிநாட்டுக்கு என்ன விலை கொடுத்தோம், இன்னும் என்ன கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டுமானால் இந்தப் பேருந்தில் ஒருமுறை கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். குவீன் ஸ்திரீட் முனையம் பூகிஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்களும் நடந்தே வந்துவிடலாம். பேருந்து புக்கிட் தீமா சாலையைப் பிடித்து நேராக வடக்கே போகும். மேல் புக்கிட் தீமா சாலையில் பழைய ஃபோர்டு தொழிற்சாலை வரும். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்ட கட்டடம் அது. இப்போது அருங்காட்சியகம். நேரம் இருந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த 170-ஐப் பிடிக்கலாம். அதே சாலையில் தலைக்கு மேலே ஒரு கறுப்பு இரும்புப் பாலம் போகும். மலாயா ரயில் ஓடிய பாலம். 1965-இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்து நாற்பத்தைந்து வருடம் ஆன பிறகும், 2011 ஜூன் வரை, தஞ்சோங் பகார் ரயில் நிலையமும் அங்கிருந்து வடக்கே போன தண்டவாளமும் மலேசிய ரயில்வேயின் கையில்தான் இருந்தன. இந்தத் தீவின் நட்ட நடுவே இன்னொரு நாட்டின் ரயில் ஓடியது. பிரிவு என்றால் ஒரே நாளில் கத்தரித்துவிடுகிற காரியம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்தப் பாலத்தைக் காட்டுவது வழக்கம்.

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பை, குடை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கார்டைத் தட்டி இறங்க வேண்டும். ஏறி வந்த வண்டி உங்களுக்காகக் காத்திருக்காது. குடிநுழைவுச் சோதனையை (பாஸ்போர்ட் காட்டுவதை) முடித்துக்கொண்டு கீழே வந்தால் அடுத்த 170 வரும், அதில் ஏறிக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தைத் தாண்டியதும் ஜோகூர் பக்கத்துச் சாவடியில் இதே வேலை இன்னொரு முறை. அப்புறம் மறுபடி ஏறி, கடைசி நிறுத்தமான லார்க்கின் பேருந்து நிலையம். புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். எண்ணைப் பார்த்து ஏறுங்கள், முன்னால் போகிற கூட்டத்தைப் பார்த்து ஏறாதீர்கள்.

பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 170-இல் நான் மிகவும் மதிப்பது இந்த ஒரு கிலோமீட்டரைத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாலையை ஒட்டியே ஓடுகிற தடித்த தண்ணீர்க் குழாய்கள் தெரியும். நெரிசலில் வண்டி நிற்கும்போது நன்றாகப் பார்க்கலாம். அழகு பார்த்துச் செய்ததில்லை அது, வெறும் குழாய். ஆனால் சிங்கப்பூர் தனிநாடாக இருக்க முடியுமா என்ற கேள்வி 1965-இல் பாதிக்குமேல் அந்தக் குழாய்க்குள்தான் இருந்தது.

1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு 3 காசு. சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பங்கை ஜோகூர் ஆயிரம் கேலன் 50 காசுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தம் 2061 வரை செல்லும். பிரிவினை ஒப்பந்தத்திலேயே இந்தத் தண்ணீருக்கு உறுதி எழுதி வாங்கி, அதை ஐக்கிய நாடுகள் சபையிலும் பதிவு செய்தார்கள். அப்படியும் பிரிந்த கையோடு மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பிரிட்டிஷ் தூதரிடம், சிங்கப்பூர் மலேசியாவுக்குப் பாதகமாக நடந்தால் தண்ணீரை நிறுத்தப்போவதாகச் சொல்லி வழிக்குக் கொண்டுவரலாம் என்ற பொருளில் பேசியது பதிவாகியிருக்கிறது. குடிக்கிற தண்ணீர் இன்னொருவர் வீட்டுக் குழாயில் வரும்போது சுதந்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெருமை. ஜோகூர் தண்ணீருக்கே 1961-இல் போட்ட இன்னோர் ஒப்பந்தம் 2011-இல் முடிந்தபோது சிங்கப்பூர் அதைப் புதுப்பிக்கவில்லை. நீர்நிலையங்களை ஜோகூரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தது. அதற்குள் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் எடுக்கும் ஆலைகள் 2003 முதல் ஓடிக்கொண்டிருந்தன, 2005-இல் துவாஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, 2008-இல் மரினா அணைக்கட்டு. எல்லாம் பெரும் செலவு. மழைத்தண்ணீரையோ ஆற்றுத்தண்ணீரையோ பயன்படுத்துவதைவிடக் கடல்நீரைக் குடிநீராக்க மின்சாரம் பல மடங்கு பிடிக்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தில் அந்தச் செலவு ஒவ்வொரு மாதமும் வருகிறது. கட்டத் தயாராக இருக்கிறோம், கட்டவும் முடிகிறது. அதே நேரம், 3 காசு நியாயமான விலையா என்று சித்தப்பா வீட்டில் கேட்கும்போது என்னிடம் வாதாட ஒன்றுமில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், அதை இரண்டு பக்கமும் காப்பாற்றியதால்தான் இந்த ஊர் நிற்கிறது. ஆனால் மூன்று காசுக்கு இன்றைக்கு எதுவும் வராது என்பதும் உண்மைதானே.

சித்தப்பா வீடு என்று சொன்னேன். அப்பா ஜோகூரில் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஐம்பதுகளில் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்தார். சித்தப்பா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். 1963 செப்டம்பரில் மலேசியா உருவானபோது இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர்கள். 1965 ஆகஸ்ட் 9-க்குப் பிறகு, யாரும் எங்கேயும் குடிபெயராமலேயே, ஒருவர் சிங்கப்பூரர், ஒருவர் மலேசியர். 1967 முதல் தம்பி வீட்டுக்குப் போக அப்பாவுக்குப் பயணப் பத்திரம் வேண்டியிருந்தது. அப்பா கடைசிவரை அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் பழகவில்லை. சாவடியில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் "தோட்டத்துக்குப் போக சீட்டு கேக்குறான் பாரு" என்பார்.

எங்கள் குடும்பம் மட்டும் இப்படி இல்லை. சிங்கப்பூர் நோட்டில் இருக்கும் முகம் முதல் அதிபர் யூசுஃப் இஷாக்குடையது. அவர் பிறந்தது பேராக்கில். நாட்டின் பொருளாதாரத்தைக் கட்டியெழுப்பிய கோ கெங் சுவீ பிறந்தது மலாக்காவில். இரண்டும் இணைந்திருந்தபோது கோலாலம்பூரில் மத்திய நிதியமைச்சராக இருந்த டான் சியூ சின்னும் மலாக்காக்காரர், இருவரும் உறவுக்காரர்கள் வேறு. சிங்கப்பூரின் வரிப் பணத்துக்காக எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசியது இந்த இருவரும்தான். இணையும்போது பேசியது 40 சதவீதம் மத்திய அரசுக்கு என்று. ஒரு வருடம் கழித்து அதை 60 ஆக்கக் கேட்டார்கள். கிழக்கு மலேசிய மாநிலங்களான சபா, சரவாக்குக்குச் சிங்கப்பூர் 15 கோடி வெள்ளி (டாலர்) கடன் தர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைக்க வேண்டியது பொதுச் சந்தை. இங்கே செய்கிற பொருள் வரியில்லாமல் தீபகற்பம் முழுக்கப் போக வேண்டும். அந்தச் சந்தை கடைசிவரை வரவேயில்லை. இனக் கலவரமும் அரசியலும் பிரிவுக்குப் பெரிய காரணங்கள், அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் 'தனியாக இருக்கக் கட்டுப்படியாகுமா' என்று கேட்கிறவர்கள் 'சேர்ந்திருக்கக் கட்டுப்படியாகிறதா' என்ற கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1965-இல் அந்தக் கணக்கும் சரியாக வரவில்லை.

பிரிந்தபோது 19 லட்சம் பேர். உள்நாட்டுச் சந்தை கிடையாது. மலேசியா உருவானதை எதிர்த்த இந்தோனேசியா, தன் மோதல் கொள்கையால் வணிகத்தை நிறுத்தி வைத்திருந்தது. மூன்றே வருடத்தில், 1968 ஜனவரியில், பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மொத்த வருமானமும் அதுதான். அம்மா சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அந்த மாதங்களில் செம்பவாங்கில் தமிழர் வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சு, கப்பலேறி ஊருக்குப் போய்விடலாமா என்று. போனவர்களும் உண்டு. அதே ஆண்டு பிரிட்டன் செம்பவாங் தளத்தின் கப்பல் பட்டறையைப் பெயருக்கு ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு சிங்கப்பூர் அரசிடம் கொடுத்தது. அது செம்பவாங் ஷிப்யார்டு ஆனது, அப்பாவுக்கு வேலை தப்பியது. போர்க்கப்பல் பழுது பார்த்த கை வணிகக் கப்பல் பழுது பார்த்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1968-இல்தான் புதிய வேலைச் சட்டங்கள் வந்தன. விடுமுறை நாட்கள் குறைந்தன, மிகைநேர ஊதியத்துக்கும் ஆட்குறைப்பு உதவிக்கும் வரம்பு வந்தது, தொழிற்சங்கங்கள் பேரம் பேசக்கூடிய விஷயங்கள் சுருங்கின. வெளிநாட்டு முதலாளிகளை வரவழைக்க அது தேவை என்றார்கள், வந்தார்கள், வேலையும் பெருகியது. அதே காலத்தில் இளைஞர்கள் தேசிய சேவைக்குப் போகத் தொடங்கினார்கள். என் அண்ணன் போனான், என் மகனும் போனான். சிங்கப்பூர் தனிநாடாகப் பிழைத்ததற்குக் கெட்டிக்காரத் தலைவர்களைச் சொல்கிறார்கள், சொல்லட்டும், தகுதியானவர்கள்தான். ஆனால் அந்த விலையைக் கட்டியது சம்பளத்தில், விடுமுறையில், பிள்ளைகளின் இரண்டு வருடத்தில் கட்டியவர்கள். வேறு எந்தச் சின்ன நாடாவது தனியாகப் போக நினைத்தால் இந்தக் கட்டணச் சீட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கூடவே, இங்கே நூற்றைம்பது வருடத் துறைமுகம் ஏற்கெனவே இருந்தது, உலகத் தொழிற்சாலைகள் ஆசியாவில் இடம் தேடிய காலமும் அதுதான். எல்லோருக்கும் அந்த இடமும் நேரமும் வாய்ப்பதில்லை.

சரி, பேருந்துக்கு வருகிறேன். காலை வேளையில் எதிர்த்திசையைக் கவனியுங்கள். விடிவதற்கு முன்பே ஜோகூரிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாக வரும். தலைக்கவசம், முன்பக்கமாகத் திருப்பிப் போட்ட ஜாக்கெட், முதுகில் பை. பாலத்தை ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். நம் பேருந்தை ஓட்டுகிறவர், மருத்துவமனையில் ஊசி போடுகிறவர், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், பலரும் அக்கரையிலிருந்து வருகிறவர்கள். நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஏழு மணிக்கு இங்கே நிற்க முடியும். காரணம் எளிது. 1973 மே வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சித்தப்பாவின் பேரனும் அந்த மோட்டார் சைக்கிள் வரிசையில் ஒருவன்.

2020 மார்ச் 18 அன்று பாலம் மூடியது. அவன் இங்கேயே தங்க முடிவு செய்து எங்கள் வீட்டுக் கூடத்தில் மெத்தை விரித்தான். சில வாரம் என்று நினைத்தோம். 2021 நவம்பர் கடைசியில்தான் தரைவழிப் பயணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது, முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. அவன் மகள் நடக்கப் பழகியதை போனில் பார்த்தான். அதே ஆண்டு ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது, இங்கே கோழிச்சோற்றுக் கடைகள் திண்டாடின. சிங்கப்பூருக்கு வரும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. தனிநாடு என்பதால் பக்கத்து நாட்டின் தேவை தீர்ந்துவிடாது. அந்த இரண்டு வருடம் இதை என் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன். 'சிங்கப்பூரைப் பார், எப்படித் தனியாக நின்றது' என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தனியாக நிற்கவில்லை. தண்ணீருக்கும் ஆளுக்கும் கோழிக்கும் பக்கத்து நாட்டோடு நாள்தோறும் பேசி, விலை கொடுத்து, வாக்கைக் காப்பாற்றி நின்றது. பிரிந்துபோக வேண்டும் என்று நினைக்கிற எந்தச் சின்ன தேசமும், ஸ்காட்லாந்தோ வேறு எதுவோ, முதலில் கேட்க வேண்டியது பிரிந்த மறுநாள் காலை எல்லையில் வரிசை எப்படி இருக்கும் என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பிரிந்தது தப்பா? என்னைக் கேட்டால் இல்லை. ஜோகூர் பக்கத்து நாணயம் மாற்றும் கடையில் இரண்டு வெள்ளி நோட்டை எடுத்து வைக்கும்போது அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் அச்சாகியிருப்பதைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினம் இந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர், இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபட்ட மக்கள் என்று பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் உறுதிமொழியை எழுதியவர். தோட்டத் தொழிலாளி மகனான அப்பாவுக்கு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்தது, எங்களுக்குப் படிப்பு கிடைத்தது. கொடுத்த விலைக்குக் கிடைத்தது பெரியது. விலை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

இப்போது போகிறவர்களுக்கு. வெள்ளி மாலையும் சனி காலையும் தவிருங்கள், பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் சேர்ந்தால் நினைத்தே பார்க்காதீர்கள். வாரநாள் காலை பத்து மணிக்கு மேல் குவீன் ஸ்திரீட்டில் ஏறினால் நெரிசலுக்கு எதிர்த்திசையில் போவீர்கள். மாலையில் ஊர் திரும்பும் தொழிலாளர் கூட்டத்தோடு அக்கரை போக முயலாதீர்கள், அது அவர்களுடைய நேரம், அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை போனிலேயே முன்கூட்டி நிரப்பிவிடுங்கள், விசா விதியையும் சிங்கப்பூருக்குத் திரும்பும் அனுமதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாவடிகளில் படியேறி இறங்கி நிறைய நடக்க வேண்டியிருக்கும். முட்டிவலிக்காரர்களும் பெரிய பெட்டி கொண்டுவருகிறவர்களும் டாக்சியில் போவதே நல்லது. ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் பார்க்க வேண்டுமானால் ஜோகூர் சாவடியிலேயே வெளியே வந்துவிடுங்கள். மலாக்கா, கோலாலம்பூர் போகிறவர்கள் லார்க்கின் வரை வந்தால் அங்கேயே தூரப் பேருந்து கிடைக்கும்.

உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் நடுவே ஆர்டிஎஸ் என்ற விரைவு ரயில் வருகிறது. 2026 இறுதிக்குள் ஓட வேண்டும் என்பது திட்டம். ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை போகலாம், இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் ஏறுகிற இடத்திலேயே முடித்துவிடலாம். சித்தப்பா பேரன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். அது வந்தால் இந்தப் பேருந்தில் கூட்டம் குறையும், உட்கார இடம் கிடைக்கும். ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு போய்வாருங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது வரிசைக்காக.